ஏழு இடத்தில் ஒரே பாஸ்வேர்ட்: ஸ்னோஃப்ளேக் பைப்லைன்களை கீ-பேருக்கு மாற்றிய அனுபவம்

எங்கள் டீமின் பொது ஷீட்டில் 11-வது வரிசை அது. முதல் கட்டத்தில் ‘ஈடிஎல்_யூசர்’ என்ற பெயர், பக்கத்தில் 14 எழுத்தில் ஒரு பாஸ்வேர்ட், அதற்கும் பக்கத்தில் ‘மாத்தாதீங்க, எல்லாம் நின்னுடும்’ என்று யாரோ போட்டுவைத்த குறிப்பு. குறிப்பு போட்டவர் வேலையை விட்டுப் போயே இரண்டு வருடம் ஆகிவிட்டது. பாஸ்வேர்ட் மட்டும் அப்படியே இருந்தது. இணையம் வழியாக இயங்கும் எங்கள் ஸ்னோஃப்ளேக் டேட்டாபேஸில் இரவு பகலாக டேட்டா ஏற்றுகிற, இறக்குகிற தானியங்கி வேலை (பைப்லைன் என்பது அதுதான்) எல்லாம் அந்த ஒரே யூசர் பெயரில்தான் நடந்துகொண்டிருந்தது.

இதை மாற்றியாக வேண்டும் என்ற பேச்சு 2024-ல் ஆரம்பித்தது. அந்த வருடம் ஸ்னோஃப்ளேக் வாடிக்கையாளர்கள் பலருடைய கணக்குகளுக்குள் திருடர்கள் நுழைந்து டேட்டாவை அள்ளிக்கொண்டு போனார்கள். பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சுமார் 165 நிறுவனங்களுக்குத் தகவல் சொல்லப்பட்டதாக, விசாரித்த மேண்டியன்ட் நிறுவனம் தெரிவித்தது. ஸ்னோஃப்ளேக்கின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. ஊழியர்கள், ஒப்பந்தக்காரர்களின் கணினிகளில் புகுந்த திருட்டு மென்பொருள்கள் எப்போதோ சுருட்டி வைத்திருந்த பாஸ்வேர்டுகளை எடுத்து, நம்மைப் போலவே சாதாரணமாக லாகின் செய்திருக்கிறார்கள். அதில் பழையது 2020 நவம்பரில் பறிபோனது. அத்தனை வருடம் அதை யாரும் மாற்றவில்லை. அந்த இடத்தைப் படித்ததும் எனக்கு 11-வது வரிசைதான் கண்முன் வந்தது.

அப்புறம் பாஸ்வேர்டை மட்டும் வைத்து லாகின் செய்வதையே நிறுத்தப்போவதாக 2024 டிசம்பரில் ஸ்னோஃப்ளேக் அறிவித்தது. முதலில் 2025 நவம்பர் என்றார்கள், பிறகு தேதி கட்டம் கட்டமாகத் தள்ளிப்போனது. தள்ளிப்போனதில் எங்கள் டீமில் பலருக்கு நிம்மதி. எனக்குக் கொஞ்சம் கோபம். கெடு இருந்தால்தான் இந்த மாதிரி வேலைக்கு மேலே இருந்து நேரம் ஒதுக்கிக் கொடுப்பார்கள்.

மனிதர்களுக்கு வழி சுலபம், எம்எஃப்ஏ (பாஸ்வேர்டோடு போனிலும் உறுதிசெய்வது) போட்டுவிடலாம். பைப்லைனுக்கு அது நடக்காது. விடியற்காலை 2 மணிக்கு, வேலைகளை நேரப்படி ஓட்டுகிற ஏர்ஃப்ளோ கிளம்பும்போது போனில் ‘அப்ரூவ்’ அழுத்த யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதனால் கீ-பேர். ஒரு பிரைவேட் கீ நம் பக்கம், அதற்கு ஜோடியான பப்ளிக் கீ ஸ்னோஃப்ளேக்கில் அந்த யூசரின் பெயரில். லாகின் செய்யும்போது டிரைவர் (டேட்டாபேஸோடு பேசும் நிரல்) ஒரு சின்னச் சீட்டைத் தயாரித்து, பிரைவேட் கீயால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது. ஜேடபிள்யூடி என்பது அந்தச் சீட்டுதான். அந்தப் பக்கம் பப்ளிக் கீயை வைத்துக் கையெழுத்தைச் சரிபார்க்கிறார்கள். ரகசியம் நம் மெஷினை விட்டு வெளியே போவதே இல்லை. சீட்டு யார் கையிலாவது சிக்கினாலும் கொஞ்ச நேரத்தில் செல்லாக்காசு.

கீ தயாரிப்பது ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இரண்டு கமாண்ட். 2048 பிட் ஆர்எஸ்ஏ கீ ஒன்றை உருவாக்கி பிகேசிஎஸ்8 வடிவத்தில் சேமிப்பது முதலாவது, அதிலிருந்து பப்ளிக் கீயைப் பிரித்தெடுப்பது இரண்டாவது. பப்ளிக் கீயின் தலையிலும் காலிலும் இருக்கிற ‘பிகின்’, ‘எண்ட்’ வரிகளை வெட்டிவிட்டு, நடுவில் இருப்பதை ஆல்டர் யூசர் கமாண்டில் ஒட்ட வேண்டும். பத்து நிமிடம்கூட ஆகாது. மேனேஜரிடம் ‘ரெண்டு நாள் வேலை’ என்று சொன்னது இதை நம்பித்தான். ஆறு வாரம் ஆனது.

அந்த ஆறு வாரத்தில் பாதி, பாஸ்வேர்ட் எங்கெங்கே இருக்கிறது என்று தேடியதிலேயே போனது. எனக்குத் தெரிந்து மூன்று இடம்: ஏர்ஃப்ளோ, உள்ளே வந்த டேட்டாவை மாற்றியமைக்கும் டிபிடி, வெளியிலிருந்து டேட்டாவை இழுத்து வரும் ஒரு கட்டண டூல். சரி, சந்தேகத்துக்கு லாகின் வரலாற்றையும் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். ஸ்னோஃப்ளேக்கின் அக்கவுண்ட் யூசேஜ் என்ற பகுதியில் லாகின் ஹிஸ்டரி என்று ஒரு வியூ (டேபிள் மாதிரிப் படிக்கலாம்) இருக்கிறது. யார், எந்த ஐபியிலிருந்து, எந்த டிரைவர் வழியாக, எந்த முறையில் உள்ளே வந்தார் என்று 365 நாளுக்கான பதிவு. சற்று முன் நடந்த லாகின் அதில் உடனே தெரியாது, இரண்டு மணி நேரம் வரை பிந்தும்.

முதலில் 30 நாளுக்குப் பார்த்தேன். ஐந்து ஐபி வந்தது. பிறகு 365 நாளுக்குப் பார்த்தேன். பதினொன்று. காலாண்டுக்கு ஒருமுறை ஓடுகிற வேலை 30 நாள் வலையில் எப்படிச் சிக்கும்? இதைப் படிக்கிற யாராவது இதே வேலையில் இறங்கினால் தயவுசெய்து முழு வருடத்துக்கும் பாருங்கள்.

ஐபி மட்டும் போதவில்லை. ஏர்ஃப்ளோ, டிபிடி இரண்டுமே பைத்தான் கனெக்டர் வழியாகத்தான் போகின்றன. இரண்டும் ஒரே சர்வரில் இருந்ததால் பட்டியலில் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி தெரிந்தன. அங்கேதான் செஷன்ஸ் என்ற இன்னொரு வியூ கைகொடுத்தது. ஒவ்வொரு செஷனுக்கும் கிளையன்ட் என்விரான்மென்ட் என்று ஒரு நெடுவரிசை அதில் இருக்கும், ஜேசன் வடிவத்தில் (பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக). எந்த அப்ளிகேஷன், எந்த ஓஎஸ் என்பது அதற்குள் கிடைக்கும். டிபிடி தன் பெயரைத் தானே சொல்லிவிடுகிறது, ஏர்ஃப்ளோவும் அப்படியே. இரண்டு வியூவையும் லாகின் ஈவன்ட் ஐடியை வைத்து ஜாயின் செய்ததும் கூட்டம் தனித்தனி முகங்களாகப் பிரிந்தது.

ஏர்ஃப்ளோ, டிபிடி, கட்டண டூல் போக, ஒரு பழைய விண்டோஸ் மெஷினில் ஓடும் ஜாவா ஜாப், டேட்டா தரம் பார்க்க யாரோ எழுதிய நோட்புக், ஓடிபிசி என்ற பொது டிரைவர் வழியாக வரும் ஏதோ ஒன்று, கடைசியாக பிரௌசர் லாகின்கள். ஈடிஎல்_யூசருக்கு பிரௌசரில் என்ன வேலை? யாருக்காவது ஒரு டேபிளைப் பார்க்கத் தங்கள் பெயரில் அனுமதி இல்லையென்றால், ஷீட்டைத் திறந்து இந்தப் பெயரில் நுழைந்து பார்த்திருக்கிறார்கள். நாலு பேர். அதில் ஒன்று நான். பட்டியலை டீமுக்கு அனுப்பும்போது என் ஐபியை மட்டும் நீக்கிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தது உண்மை. நீக்கவில்லை.

ஓடிபிசிதான் புதிராக இருந்தது. மாதத்தின் முதல் வேலை நாளில் மட்டும், காலை ஒன்பதரை மணி வாக்கில், ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து ஒரு விண்டோஸ் மெஷின் உள்ளே வரும். ஒரு குவெரி ஓட்டும், போய்விடும். என்ன குவெரி என்று பார்த்தால், கிளைவாரியாக விற்பனைத் தொகை. நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒரு மூத்தவர் இருக்கிறார், ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். எக்செல்லில் ‘ரிஃப்ரெஷ்’ அழுத்துவது அவர்தான். பாஸ்வேர்டை டைரியின் கடைசிப் பக்கத்தில் நீல மையில் அழகாக எழுதி வைத்திருந்தார். ஒன்றுக்கும் ஐ எழுத்துக்கும் குழப்பம் வரக்கூடாது என்று ஒன்றின் கீழே ஒரு கோடு வேறு.

“சார், இந்தப் பாஸ்வேர்ட் இனி இருக்காது” என்றேன்.

“மாசத்துக்கு ஒரு தடவைதானே தம்பி? அதுல என்ன ஆகப்போகுது?”

நியாயமான கேள்விதான். அவரிடம் 165 நிறுவனக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “உங்களுக்கே தனியா ஒரு பேர் தர்றேன் சார், எழுதி வைக்க வேண்டியதே இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தது யூசரைப் பிரிப்பது. ஏழு இடத்துக்கும் ஒரே கீயைக் கொடுத்தால் பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு கோப்பு சுற்றிவரும், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு டூலுக்கும் ஒரு சர்வீஸ் யூசர் (மனிதருக்கல்ல, மென்பொருளுக்கான கணக்கு), ஒவ்வொன்றுக்கும் தனி ரோல் (அனுமதிகளின் தொகுப்பு), தனி கீ. டைப்பை ‘சர்வீஸ்’ என்று வைத்தால் அந்த யூசருக்குப் பாஸ்வேர்ட் வைக்கவே முடியாது, பிரௌசரில் எஸ்எஸ்ஓ (ஆபீஸ் கணக்கை வைத்தே நுழைவது) வழியாக நுழையவும் முடியாது. எனக்கு வேண்டியதும் அதுதான். ‘லெகசி சர்வீஸ்’ என்று இன்னொரு டைப்பும் உண்டு, பாஸ்வேர்டோடு கொஞ்ச நாள் ஓட்டிக்கொள்ளலாம். “இப்போதைக்கு அதைப் போட்டுட்டுப் பிறகு பார்க்கலாமே” என்று மீட்டிங்கில் ஒரு குரல் வந்தது. அதையும் எடுக்கப்போகிறார்கள் என்பது ஒருபுறம் இருக்க, எங்கள் ஆபீஸில் ‘பிறகு’ என்பதற்கு என்ன அர்த்தம் என்பதை 11-வது வரிசையைப் பார்த்தாலே தெரியும்.

ஈடிஎல்_யூசருக்கு இருந்த அனுமதிகளைப் பிரிக்கிறபோது இன்னொன்று தெரிந்தது. டிபிடிக்குத் தேவையே இல்லாத டேபிள்களை டெலிட் செய்யும் உரிமை அதற்கு இருந்தது. யாரோ ஒரு நாள் அவசரத்தில் கொடுத்தது. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே விட்டுவிடுகிறேன்.

டிபிடி முதல் நாளே முடிந்தது. புரொஃபைல் கோப்பில் பாஸ்வேர்ட் வரியை எடுத்துவிட்டு, கீ இருக்கும் பாதையையும் அதைப் பூட்டியிருக்கும் பாஸ்ஃபிரேஸையும் கொடுத்தால் போதும். பாஸ்ஃபிரேஸ் என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து வரும். கட்டண டூலின் செட்டிங்ஸ் பக்கத்தில் கீ-பேர் என்று ஒரு பட்டனே இருந்தது. நோட்புக்கை எழுதியவரிடம் கேட்டேன், “அது இன்னும் ஓடுதா?” என்று திருப்பிக் கேட்டார். நிறுத்திவிட்டோம்.

ஏர்ஃப்ளோ இரண்டு நாளைத் தின்றது. கீ என்பது பல வரி கொண்ட கோப்பு. ஏர்ஃப்ளோ கனெக்‌ஷனில் அதை ஒரு ஜேசன் கட்டத்துக்குள் அடைக்க வேண்டும். நேராக ஒட்டினேன். கீயைப் பிரித்துப் படிக்க முடியவில்லை என்று எரர். வரி உடைகிற இடங்கள் ஜேசனுக்குள் போனதும் காணாமல் போயிருந்தன. சரி என்று மொத்தக் கீயையும் பேஸ்64 ஆக்கி ஒரே நீள வரியாகக் கொடுத்தேன். சோதனைக்கான ஸ்டேஜிங்கில் ஓடியது. சந்தோஷமாக அதையே புரொடக்‌ஷனில் போட்டேன், மறுபடி அதே எரர். கீ அதே, யூசர் அதே, கட்டம் அதே. மாலை வரை தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் இரண்டு பக்கமும் என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது என்று ஒப்பிட்டேன். ஏர்ஃப்ளோவை ஸ்னோஃப்ளேக்கோடு இணைக்கும் பேக்கேஜான ஸ்னோஃப்ளேக் புரொவைடரின் பதிப்பு வேறு வேறு. புதியது பேஸ்64-ஐத்தான் எதிர்பார்க்கிறது. பழையதற்குச் சாதாரணக் கீ உரைதான் வேண்டும், ஒவ்வொரு வரி முடிவிலும் பேக்ஸ்லாஷும் என் எழுத்தும் போட்டு. புரொடக்‌ஷனில் பழையது. புரொவைடரை உயர்த்திவிட்டு, கீயை கனெக்‌ஷனிலிருந்தும் எடுத்து சீக்ரெட்ஸ் மேனேஜருக்குள் வைத்துவிட்டேன். முதலிலேயே அங்கே வைத்திருக்க வேண்டியது.

ஜாவா ஜாப் இன்னும் படுத்தியது. முதலில் டிரைவருக்குக் கீயைத் திறக்கவே தெரியவில்லை. பாஸ்ஃபிரேஸ் சரியாகத்தான் இருந்தது. இப்போதைய ஓப்பன்எஸ்எஸ்எல் கீயைப் பூட்டுகிற விதம் ஜாவாவோடு இயல்பாக வரும் நூலகத்துக்குப் புரியவில்லை. பௌன்சி காசில் என்ற நூலகத்தைப் பயன்படுத்தச் சொல்லி ஜாவாவுக்கான ஜேடிபிசி டிரைவருக்கு ஒரு ஜேவிஎம் செட்டிங் இருக்கிறது, அதை ‘ட்ரூ’ ஆக்கியதும் கீ திறந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டால், அடுத்த எரர்: ஜேடபிள்யூடி செல்லாது.

ஏன் செல்லாது என்று அந்த எரர் சொல்லாது. கூடவே சதுர அடைப்புக்குள் ஒரு நீண்ட ஐடி மட்டும் வரும். பாதுகாப்புக்காகத்தான் அப்படி. வெளியே நிற்கிறவனிடம் எந்த இடத்தில் தப்பு என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது அல்லவா? அந்த ஐடியை எடுத்துக்கொண்டு அட்மின் ரோலில் உள்ளே போய், லாகின் தோல்வி விவரம் தருகிற சிஸ்டம் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் உண்மைக் காரணம் கிடைக்கும். எங்களுக்கு வந்த காரணம்: சீட்டு எழுதிய நேரத்துக்கும் கைக்கு வந்த நேரத்துக்கும் இடையே 60 நொடிக்கு மேல் ஆகிவிட்டது.

நெட்வொர்க் அவ்வளவு மெதுவா? அந்த மெஷினுக்கு ரிமோட்டில் போய்ப் பார்த்தேன். திரையின் வலது கீழ் மூலையில் 11:42. என் போனில் 11:45. மூன்று நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் காலத்திலோ போட்ட ஃபயர்வால் விதி நேரம் சரிசெய்யும் சர்வரை அடைத்திருக்கிறது. பாஸ்வேர்டுக்குக் கடிகாரம் பற்றிக் கவலையில்லை, அதனால் இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை. நெட்வொர்க் டீம் போர்ட்டைத் திறந்து கொடுக்க நாலு நாள். அது திறந்ததும் ஒரு வரிகூட மாற்றாமல் ஜாப் ஓடியது. இந்தக் கடிகாரச் சங்கதி கீ-பேர் பற்றிய கையேடுகளில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், ஆனால் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான்.

கீயை மாற்றுகிற ஒத்திகையைப் பாஸ்வேர்டை எடுப்பதற்கு முன்பே செய்தோம். ஸ்னோஃப்ளேக்கில் ஒரு யூசருக்கு இரண்டு பப்ளிக் கீ வைக்க இடமிருக்கிறது. புதியதை இரண்டாவது இடத்தில் வைத்து, பைப்லைனைப் புதிய கீக்கு மாற்றி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதை நீக்கலாம். நடுவில் ஒரு நிமிடம்கூட எதுவும் நிற்காது. எந்தக் கீ எந்த இடத்தில் இருக்கிறது என்று குழம்பினால், டிஸ்கிரைப் யூசர் போட்டால் இரண்டின் கைரேகையும் (கீயை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீடு) வரும். கையில் இருக்கும் கோப்பின் கைரேகையை ஓப்பன்எஸ்எஸ்எல்லில் எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். நான் முதல் ஒத்திகையில் ஒப்பிடாமல் தப்பான இடத்தைக் காலி செய்து, டிபிடியைப் பத்து நிமிடம் நிறுத்தினேன். பகலில் செய்ததால் பிழைத்தேன்.

கூடவே நெட்வொர்க் பாலிசியும் போட்டோம். பிரைவேட் கீ திருட்டுப் போனால் அதுவும் பாஸ்வேர்ட் மாதிரிதான், கோப்பை வைத்திருப்பவன் உள்ளே வருவான். ஏர்ஃப்ளோ யூசர் ஏர்ஃப்ளோ சர்வரின் ஐபியிலிருந்து மட்டும்தான் வர முடியும் என்று கட்டிவிட்டால், கோப்பு வெளியே போனாலும் பயன் குறைவு.

கணக்குப் பிரிவு சாருக்கு கீ கொடுக்கவில்லை. அவர் மனிதர், அவருக்கு எஸ்எஸ்ஓ போதும். ஓடிபிசி செட்டிங்கில் ஆதென்டிகேட்டர் என்ற இடத்தில் ‘எக்ஸ்டர்னல் பிரௌசர்’ என்று போட்டுக் கொடுத்தேன். ரிஃப்ரெஷ் அழுத்தினால் பிரௌசர் ஒரு முறை திறக்கும், தன் ஆபீஸ் கணக்கில் நுழைந்தால் எக்செல் நிரம்பும். இரண்டு தடவை அவரே அழுத்திப் பார்த்தார். “இது ஏன் தானா திறக்குது?” என்று கேட்டார், சொன்னேன். திருப்தியா என்று முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஈடிஎல்_யூசரை டிசேபிள் செய்தோம். டெலிட் செய்யவில்லை. ஒரு மாதக் கடைசி, ஒரு காலாண்டுக் கடைசி இரண்டும் தாண்டட்டும் என்று விட்டுவைத்தோம். அன்று மாலையிலிருந்து தினமும் லாகின் ஹிஸ்டரியில் அந்தப் பெயரில் தோல்விகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலையானது. முதல் வாரம் இரண்டு, இரண்டுமே பிரௌசரில், பழக்கதோஷம். காலாண்டுக் கடைசியில் ஒன்று: எங்கள் பட்டியலிலேயே இருந்து, ‘இது ஏர்ஃப்ளோவின் பழைய ஐபி’ என்று நான் தப்பாகக் கணக்குப் போட்ட ஒரு சர்வர். அதில் வரி அறிக்கைக்கான ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அறிக்கை ஒரு நாள் தாமதம், எனக்குக் கொஞ்சம் வசவு, அதற்கும் ஒரு சர்வீஸ் யூசர்.

அதற்கடுத்த மாதம் முதல் வேலை நாள் காலை ஒன்பதரைக்கு எழுந்துபோய் கணக்குப் பிரிவு வாசலில் நின்றேன். சார் ரிஃப்ரெஷ் அழுத்தினார். பிரௌசர் திறந்தது, மூடியது, கிளைவாரித் தொகைகள் வந்து நிரம்பின. கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு டைரியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

“அப்போ இதை அடிச்சிடலாமா தம்பி?”

“அடிச்சிடுங்க சார்.”

ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். நான் என் இடத்துக்கு வந்து ஷீட்டின் 11-வது வரிசையை நீக்கினேன்.